வெப்பத்தின் மேல் விழும் பழி

முப்பது ஆண்டுப் பழமையுள்ள டர்போ கார் ஒன்றின் டர்பைன் உறையைக் கழற்றி, கரியைத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு விரிசல் கண்ணில் படும். அது வேஸ்ட்கேட் துளையின் ஓரத்திலிருந்து கிளம்பியிருக்கும். அல்லது வாயு நுழையும் சுருள் பாதையின் நாக்கு முனையிலிருந்து உள்நோக்கி ஓடியிருக்கும். டொயோட்டா செலிகா ஜி.டி.-ஃபோர் எஸ்.டி. 185, அதே எஞ்சின் குடும்பத்தைச் சுமந்த இரண்டாம் தலைமுறை எம்.ஆர். 2 ஆகிய கார்களின் சி.டி. 26 டர்போவில், இரு வேஸ்ட்கேட் துளைகளுக்கு இடையிலுள்ள மெல்லிய சுவர் பிளந்துபோவது அக்கார்களைப் பேணுவோர் அனைவரும் அறிந்த செய்தி. மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் கார்களின் இரட்டைச் சுருள் உறைகளிலும் இத்தகைய விரிசல்கள் புதியவை அல்ல. வெவ்வேறு நிறுவனங்கள், வெவ்வேறு வார்ப்பாலைகள், வெவ்வேறு ஓட்டுநர்கள். ஆயினும் விரிசல் விழும் இடம் ஏறக்குறைய ஒன்றே. இந்த ஒற்றுமை எவரையும் சிந்திக்க வைத்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு.

விரிசலுக்கு மூன்று விளக்கங்கள் புழக்கத்தில் உள்ளன. ஓட்டியவர் எஞ்சினை ஆறவிடாமல் அணைத்துவிட்டார் என்கிறது பட்டறை. இரும்பு மட்டமானது, உயர்ந்த உலோகமாக இருந்தால் தாங்கியிருக்கும் என்கிறது உதிரிபாகச் சந்தை. பல்கலைக்கழகம் சற்றே கம்பீரமாக 'வெப்ப அயர்ச்சி' என்று எழுதிக் கையொப்பம் இடுகிறது. முதல் இரண்டு விளக்கங்களும் தவறாகவேனும் ஒரு காரணத்தைச் சுட்டுகின்றன. மூன்றாவது எதையும் சுட்டவில்லை. நோயாளியிடம் 'உங்களுக்குக் காய்ச்சல்' என்று சொல்லி அனுப்பும் மருத்துவரைப் போல, கண்டதற்கு ஒரு பெயரைச் சூட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. மூன்று விளக்கங்களும் ஓர் அனுமானத்தைப் பகிர்ந்துகொள்கின்றன: வெப்பம் உலோகத்தை உடைக்கிறது. அந்த அனுமானம் பிழையானது. அதனினும் பெரிய குறை, அது பிழை என்பதைக் காட்டும் கணக்கை முதலாண்டு மாணவரே அறிந்திருந்தும் அதை இவ்விடத்தில் எவரும் போட்டுப் பார்ப்பதில்லை என்பது.

எதனோடும் பிணைக்கப்படாத ஓர் இரும்பு வளையத்தை உலையில் வைத்து, எல்லாப் பக்கமும் சமமாக 800 டிகிரி செல்சியஸ் வரை மெல்லச் சூடேற்றி, மீண்டும் மெல்லக் குளிர்விப்பதாகக் கொள்ளலாம். வளையம் பெரிதாகும், பின் சிறிதாகும். மேற்பரப்பு துருவேறிக் கறுக்கும். விரிசல் விழாது. உறைகளில் பயன்படும் ஃபெரைட் வகை வார்ப்பிரும்பு ஒவ்வொரு டிகிரிக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 13 பங்கு நீள்கிறது. 100 மில்லிமீட்டர் நீளமுள்ள துண்டு 800 டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலாக நீளும். விட்டுக்கொடுக்க இடமிருந்தால் இந்த ஒரு மில்லிமீட்டர் எவருக்கும் கேடு செய்யாது.

இடமில்லாதபோது நிலைமை தலைகீழாகிறது. அதே துண்டின் இரு முனைகளும் அசையாச் சுவர்களில் பிடிபட்டிருந்தால், நீள வேண்டிய ஒரு மில்லிமீட்டர் உள்ளுக்குள்ளேயே அமுக்கப்பட வேண்டும். அது ஒரு விழுக்காட்டுத் திரிபு. அறை வெப்பநிலையில் இத்தகைய இரும்பின் மீட்சி எல்லை ஏறத்தாழ கால் விழுக்காடு. சூடேறிய நிலையில் அந்த எல்லை மேலும் மிகவும் தாழ்ந்துவிடும். அதாவது, உலோகம் திரும்பி வரக்கூடிய தொலைவைப் போல் நான்கு மடங்கு தொலைவு தள்ளப்படுகிறது. உறையின் எப்பகுதியும் முழுமையாகப் பிடிபட்டிருப்பதில்லை என்பது உண்மையே. ஆனால், மூன்றில் ஒரு பங்கு பிடிபட்டிருந்தாலே எல்லை கடந்துவிடுகிறது. ஒரே வார்ப்பின் இரு அண்டைப் பகுதிகளுக்கு இடையே 200 டிகிரி வேறுபாடு தோன்றினாலும் போதும். அதுவே கால் விழுக்காட்டுத் திரிபைத் தரும். வெப்பம் இங்கே விரிவை மட்டுமே கொண்டு வருகிறது. அந்த விரிவைத் தடுக்கும் அமைப்புதான் அதைத் தகைவாக மாற்றுகிறது.

டர்பைன் உறையில் அந்தச் சுவர்கள் எங்கே என்று கேட்கலாம். வெளியிலுள்ள சுவர் வெளிப்படையானது: ஒருபுறம் எஞ்சின் தலைப்பகுதியில் போல்ட்டுகளால் இறுக்கப்பட்ட மேனிஃபோல்ட், மறுபுறம் எக்ஸாஸ்ட் குழாய், நடுவில் உறை. உள்ளேயுள்ள சுவர் அவ்வளவு எளிதில் புலப்படாது. அது உறையேதான். சுருள் பாதையின் நாக்கும், இரட்டைச் சுருளைப் பிரிக்கும் நடுச்சுவரும், வேஸ்ட்கேட் துளைகளுக்கு இடையிலுள்ள பாலமும் மெல்லியவை. இருபுறமும் வாயுவால் சூழப்பட்டவை. வெளிக்காற்றுக்கு வெப்பத்தைக் கொடுக்க வழியற்றவை. ஆகவே அவை முதலில் சூடேறுகின்றன. அவற்றைச் சுற்றியுள்ள தடித்த வெளிச்சுவரும் ஃபிளாஞ்சும் பின்தங்கி நிற்கின்றன. மெல்லிய பாலம் நீள முயல்கிறது; குளிர்ந்த தடித்த சுவர் விட மறுக்கிறது. வெப்பத்தால் வலுவிழந்த பாலம் அமுங்கி, நிரந்தரமாகக் குறுகிவிடுகிறது. சற்று நேரத்தில் வெளிச்சுவரும் சூடேறி விரிகிறது. பின்னர் யாவும் குளிர்கின்றன. பாலம் தனக்கென இருந்த பழைய இடத்துக்குத் திரும்புகையில் அந்த இடத்தை நிரப்ப அதனிடம் நீளம் போதாது. சுற்றுச்சுவர் அதை இருபுறமும் பற்றி இழுக்கிறது. விரிசல் வாய் திறப்பது இந்தக் கட்டத்தில்தான். சூடேறும்போது காயப்பட்ட உலோகம் குளிரும்போது பிளக்கிறது.

இந்த இடத்தில் இருப்புப்பாதையை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். தண்டவாளத் துண்டுகளுக்கு இடையே விரிவுக்காக விடப்படும் இடைவெளியைப் பள்ளிப் பாடநூல் காட்டாத நாடில்லை. ஆனால் இன்றைய முதன்மைப் பாதைகளில் தண்டவாளங்கள் நெடுந்தொலைவுக்கு ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டுள்ளன, இடைவெளி இல்லை, விரிவு முற்றிலும் தடுக்கப்பட்டுள்ளது. அவை ஏன் ஓராண்டில் பிளந்து சிதறவில்லை? பொருத்தப்பட்ட வெப்பநிலையிலிருந்து 40 டிகிரி விலகினாலும் அங்கே எழும் திரிபு 0.05 விழுக்காட்டைத் தொடுவதில்லை; எஃகின் மீட்சி எல்லைக்குள் அது பத்திரமாக அடங்கிவிடுகிறது. தடுப்பு இரண்டிலும் உண்டு. ஒன்றில் வீச்சு சிறிது, மற்றொன்றில் வீச்சு பெரிது. எனவே கேட்கப்பட வேண்டிய கேள்வி 'எவ்வளவு சூடு' என்பதோடு முடிவதில்லை. 'எதற்கும் எதற்கும் இடையே எவ்வளவு வேறுபாடு, அது எத்தனை முறை, யார் பிடித்துக்கொண்டிருக்கும்போது' என்பதே முழுக் கேள்வி.

கேள்வி சரியாக அமைந்தால் ஓட்டுநர் மீதான முதல் குற்றச்சாட்டு தானாகவே ஆட்டம் காண்கிறது. எஞ்சினை அணைக்கும் முன் ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட வேண்டும் என்ற அறிவுரை பொய்யானதல்ல. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடிய தண்டின் தாங்கிகளில் எண்ணெய் ஓட்டம் நின்றபின், டர்பைன் பக்கத்து வெப்பம் உள்ளேறி, தேங்கிய எண்ணெயைக் கரியாக்கும். அதைத் தடுக்கவே அந்த அறிவுரை பிறந்தது. ஜப்பானியக் கார்களில் பரவிய டர்போ டைமர் அதற்காகவே வந்தது. போர்ஷே 944 டர்போவில் எஞ்சின் அணைந்த பின்னும் தாங்கிப் பகுதியின் நீரைச் சுற்ற வைக்கும் மின்பம்பு பொருத்தப்பட்டதும் அதே நோக்கத்தில்தான். இவை யாவும் தாங்கியின் பாதுகாப்புக்கு உரியவை. உறையின் விரிசல் வேறு கணக்கு. எஞ்சின் அணைந்துவிட்டால் வாயு ஓட்டம் நிற்கிறது. உறை அசையாக் காற்றில் மெதுவாகவே ஆறுகிறது. உறைக்கு அதைவிடக் கொடிய அதிர்ச்சி ஓட்டத்தின் நடுவிலேயே நிகழ்கிறது. முழு விசையில் பாய்ந்து வந்த கார் வளைவுக்கு முன் ஆக்சிலரேட்டரை விடும்போது எரிபொருள் துண்டிக்கப்படுகிறது. எஞ்சின் வெறுங்காற்றைச் செந்நிற உறைக்குள் தள்ளுகிறது. சில நொடிகளில் வாயுவின் வெப்பநிலை பல நூறு டிகிரி சரிகிறது. அடுத்த நேர்பாதையில் மீண்டும் ஏறுகிறது. தயாரிப்பாளர்கள் சோதனை மேடையில் எஞ்சினை முழுச்சுமைக்கும் சுமையற்ற நிலைக்கும் மாற்றி மாற்றி, நூற்றுக்கணக்கான மணிநேரம் ஓட்டிப் பார்ப்பது இந்த ஏற்றயிறக்கத்தைத்தான்.

ஆகவே, கார் தன் இயல்புப்படி ஓட்டப்படுவதே விரிசலின் ஊற்று. வரலாறும் இதற்கு இசைகிறது. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூஷி 1905இல் காப்புரிமை பெற்ற கருத்து, நெடுங்காலம் கப்பல்களிலும் கனரக டீசல் எஞ்சின்களிலும் வேலை செய்தது. அங்கே சுமை மணிக்கணக்கில் மாறாது. டீசலின் வெளியேறு வாயுவும் பெட்ரோலினதைவிடக் குளிர்ந்தது. 1962இல் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரும் செவர்லே கோர்வேர் மோன்சா ஸ்பைடரும், 1973இல் பி.எம்.டபிள்யூ. 2002 டர்போவும் அதைப் பெட்ரோல் காருக்குக் கொண்டுவந்தபோது, நிதானமான தொழிற்சாலை இயந்திரம் ஓர் ஓட்டுநரின் வலது காலுக்குக் கீழே வந்து சேர்ந்தது. நிமிடத்துக்குப் பலமுறை மாறும் சுமையே அக்கார்களின் கவர்ச்சி. அதற்காகவே அவை விற்கப்பட்டன. விளம்பரத்தில் காட்டப்பட்ட ஓட்டத்தை ஓட்டியவரைச் சேத அறிக்கையில் குற்றவாளியாக்குவது நேர்மையாகாது.

இரண்டாவது விளக்கமான 'மட்ட இரும்பு' என்பதில் பாதி உண்மை உண்டு. சாதாரண வார்ப்பிரும்பு ஏறத்தாழ 730 டிகிரிக்கு மேல் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்கிறது. அப்போது விரிந்துகொண்டிருக்கும் உலோகம் திடீரெனச் சுருங்குகிறது, குளிர்கையில் திடீரென விரிகிறது. ஏற்கெனவே உள்ள திரிபோடு இதுவும் சேர்ந்தால் நிலைமை மோசமாகும். எஸ்.ஜி. இரும்பில் 4 விழுக்காடு அளவு சிலிக்கனும் சிறிதளவு மாலிப்டினமும் சேர்ப்பது, அந்த மாற்றத்தை இயங்கு வெப்பநிலைக்கு மேலே தள்ளவும் சூட்டில் வலுவைக் காக்கவும்தான். 35 விழுக்காடு நிக்கல் கொண்ட நை-ரெசிஸ்ட் இரும்பில் அந்த மாற்றமே நிகழ்வதில்லை. 25 விழுக்காடு குரோமியமும் 20 விழுக்காடு நிக்கலும் கொண்ட வார்ப்பு எஃகு அதற்கும் மேலான வெப்பத்தில் நிற்கும். இவை பெரும் முன்னேற்றங்கள்.

ஆனால் உயர்ந்த உலோகம் எல்லாவற்றையும் தீர்க்கும் என்பது விற்பனையாளரின் கூற்று. அந்த வார்ப்பு எஃகு ஃபெரைட் இரும்பைவிட அதிகமாக விரிகிறது. வெப்பத்தை அதைவிட மெதுவாகக் கடத்துகிறது. அதிக விரிவும் குறைந்த கடத்தலும் சேர்ந்தால் அண்டைப் பகுதிகளுக்கிடையே வேறுபாடு கூடும். தடுக்கப்படும் விரிவும் கூடும். வடிவத்தை மாற்றாமல் உலோகத்தை மட்டும் மாற்றினால் விரிசல் தாமதமாகலாம், இடம் மாறலாம். ஒழிந்துவிடும் என்பதற்கு உறுதி இல்லை. விலையுயர்ந்த எஃகாலான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகளும் விரிசல் விடுவது இதனால்தான்.

இந்த இடத்தில்தான் கல்வித்துறை தன் பங்குக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அயர்ச்சி பற்றிய பாடம் பெரும்பாலான வகுப்பறைகளில் 19ஆம் நூற்றாண்டின் பிரஷ்ய இரயில் அச்சுகளை ஆராய்ந்த வோலரிடம் தொடங்கி, அங்கேயே முடிந்துவிடுகிறது. அச்சின்மேல் விழும் சுமை வெளியிலிருந்து வருகிறது, அது மாறாதது. அச்சைத் தடிமனாக்கினால் தகைவு குறையும், ஆயுள் கூடும். இந்தப் பாடத்தை மட்டும் கற்ற பொறியாளர் விரிசல் விழுந்த உறையைக் கண்டால் 'சுவரைத் தடிமனாக்கு' என்பார். உறையில் வெளியிலிருந்து திணிக்கப்படுவதோ இடப்பெயர்ச்சி. சுமை அதன் விளைவாகப் பிறக்கிறது. சுவரைத் தடித்தால் உட்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு பெருகும். அண்டையிலுள்ள மெல்லிய பகுதியை அது இன்னும் இறுகப் பற்றும். ஆயுள் கூடாது, குறையவும் செய்யலாம். ஒரு துறையில் மருந்தாக இருப்பது மறுதுறையில் நஞ்சாகிறது. இந்த வேறுபாட்டைச் சொல்லித் தராமல் 'வெப்ப அயர்ச்சி' என்ற சொல்லை மட்டும் சொல்லித் தருவது கல்வியாகாது.

இத்தனைக்கும் தேவையான அறிவு ஏழு பத்தாண்டுகளாகக் கையில் இருக்கிறது. 1950களின் முற்பகுதியில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் எல்.எஃப். காஃபின், துருப்பிடியா எஃகுக் குழாயின் இரு முனைகளையும் அசையாதபடி பிணைத்து, மின்சாரம் பாய்ச்சிச் சூடேற்றி, குளிர்வித்து, மீண்டும் சூடேற்றிப் பார்த்தார். சுவர்களுக்கிடையே பிடிபட்ட தண்டு என்ற, ஒவ்வொரு மாணவரும் முதலாண்டில் போடும் அந்தக் கணக்குதான் அது. ஒரே வேறுபாடு, காஃபின் அதைத் தண்டு உடையும்வரை திரும்பத் திரும்பச் செய்தார். அதே காலத்தில், பின்னாளில் நாசாவாக மாறிய அமைப்பின் ஆய்வகத்தில் எஸ்.எஸ். மேன்சன் தனியே அதே முடிவை அடைந்தார். ஆயுளைத் தீர்மானிப்பது ஒவ்வொரு சுற்றிலும் நிகழும் மீளாத் திரிபின் வீச்சு. அந்த வீச்சைப் பாதியாக்கினால் ஆயுள் ஏறத்தாழ மூன்று, நான்கு மடங்காகும். காஃபின்-மேன்சன் தொடர்பு என்று இன்று அழைக்கப்படும் இது, வெப்பத்தால் உடையும் பொருள்களைப் புரிந்துகொள்ளும் முயற்சியிலேயே பிறந்தது. பாடநூல் அந்தப் பிறப்பை மறைத்து, அதை மடக்கை அளவுத்தாளில் ஒரு நேர்கோடாக மட்டும் நிறுத்திவிட்டது. தண்டுக் கணக்கு முதலாண்டில், காஃபின் கோடு மூன்றாமாண்டில். இரண்டும் ஒரே பொருள் என்பதை மாணவருக்கு எந்த ஆண்டும் சொல்வதில்லை.

மருந்து எங்கே இருக்கிறது என்பதையும் இந்த அறிவே காட்டுகிறது. திறமான மேனிஃபோல்ட் வடிவமைப்பாளர்கள் ஃபிளாஞ்சில் துளைகளுக்கு இடையே வேண்டுமென்றே வெட்டு விடுகிறார்கள். போல்ட் துளைகளை நீள்வட்டமாக்கி உலோகம் நகர இடம் தருகிறார்கள். குழாயில் மடிப்புத் துருத்தியைச் சேர்க்கிறார்கள். நாக்கின் முனையைக் கூர்மையின்றி உருட்டுகிறார்கள். இவற்றுள் எதுவும் உலோகத்தை வலுப்படுத்துவதில்லை. எல்லாமே அதற்கு வழிவிடுகின்றன.

பழமை என்ற சொல்லும் இங்கே சோதிக்கப்பட வேண்டும். உலோகம் ஆண்டுகளை எண்ணுவதில்லை; சுற்றுகளை எண்ணுகிறது. பத்தாண்டு கொட்டகையில் நின்ற காருக்கு அந்தப் பத்தாண்டில் வெப்பச் சுற்று ஏதும் கூடுவதில்லை. ஆனால் ஓடிய காலத்தில் வேறு சில நிகழ்கின்றன. நெடுநேரம் சூட்டில் கிடந்த வார்ப்பிரும்பின் பெர்லைட் சிதைந்து கிராஃபைட்டாகவும் ஃபெரைட்டாகவும் பிரிகிறது. வலு குறைகிறது, பருமன் சற்றே வளர்கிறது. விரிசலுக்குள் புகுந்த ஆக்சிஜன் அதன் இரு முகங்களையும் ஆக்சைடாக்குகிறது. ஆக்சைடு தான் பிறந்த இரும்பைவிட அதிக இடம் கேட்பதால் ஆப்பு போல் விரிசலுக்குள் அமர்கிறது. அண்டையிலும் மாற்றங்கள் வருகின்றன. மேனிஃபோல்ட் கோணலாகிறது; ஒரு ஸ்டட் முறிகிறது; டர்போவின் எடையைத் தாங்க எஞ்சினோடு பிணைத்திருந்த தாங்குசட்டம் ஏதோ ஒரு பழுதுபார்ப்பில் கழற்றப்பட்டு மீண்டும் பொருத்தப்படாமல் போகிறது. அதன்பின் முழு எடையும் அதிர்வும் உறையின் ஃபிளாஞ்சில் தொங்குகின்றன. பழைய காரில் மட்டும் காணப்படும் இந்தக் காரணங்களுள் எதுவும் 'வெப்பம் தாங்கவில்லை' என்ற தீர்ப்பில் இடம்பெறுவதில்லை.

உடைமையாளர் எப்போதும் குற்றமற்றவர் என்று வாதிடுவதும் பொய்யாகும். பூஸ்ட்டைக் கூட்டியவர், எரிபொருளைக் குறைத்தவர், தீப்பொறி நேரத்தைப் பிந்தச் செய்தவர் ஆகியோர் வெளியேறு வாயுவின் வெப்பநிலையை உயர்த்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றின் வீச்சும் அதனால் பெருகியிருக்கிறது. அடைபட்ட கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை மாற்றாமல் ஓட்டியவருக்கும் பங்குண்டு. ஆனால் அந்தப் பங்கை அளக்க முடியும். அளந்தால்தான் அது குற்றச்சாட்டு. அளக்காமல் சொன்னால் வசை.

விரிசலைக் கண்ட பின் நடப்பதில்தான் அறியாமையின் விலை தெரிகிறது. திணிக்கப்படுவது இடப்பெயர்ச்சி என்பதால், விரிசல் விழுந்ததும் அவ்விடத்தின் இறுக்கம் தளர்கிறது. இரு வேஸ்ட்கேட் துளைகளுக்கு இடையே பிளந்த பாலம், தனக்கு மறுக்கப்பட்ட இடைவெளியைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. பெரும்பாலும் அதன் வளர்ச்சி மெதுவாகி நின்றும்விடுகிறது. இருபுறமும் வெளியேறு வாயுவே இருப்பதால் கசிவால் பெரிய இழப்பும் இல்லை. இந்தப் பிளவைக் கண்டு பதறி, பற்றவைத்து மூடுபவர் இரு தீங்குகளைச் செய்கிறார்: உலோகம் தேடிக்கொண்ட இடைவெளியை மீண்டும் அடைக்கிறார், முன்சூடும் மெல்லிய ஆறுதலும் இன்றி வார்ப்பிரும்பைப் பற்றவைத்துத் தையலின் ஓரத்தில் நொறுங்கும் தன்மையுள்ள பட்டையை உருவாக்குகிறார். அடுத்த விரிசல் அந்தப் பட்டையில், முன்னதைவிட விரைவில் விழும்.

மாறாக, உண்மையில் அஞ்ச வேண்டிய விரிசல்கள் 'எல்லா டர்போவிலும் இருப்பதுதானே' என்ற அலட்சியத்தில் தப்பிவிடுகின்றன. வெளிச்சுவரைத் துளைத்த விரிசல் கொதிவாயுவை எண்ணெய்க் குழாய்களின் மேல் பீய்ச்சும். கார்பன் மோனாக்சைடை எஞ்சின் அறைக்குள் விடும். ஃபிளாஞ்சை நோக்கி ஓடும் விரிசல் டர்போவைத் தாங்கும் இணைப்பையே அறுக்கும். நாக்கில் இரு விரிசல்கள் ஒன்றையொன்று சந்தித்தால் ஒரு துண்டு கழன்று, சுழலும் டர்பைன் சக்கரத்துக்குள் விழும். வால்வின் இருக்கையைத் தொட்ட விரிசல் பூஸ்ட்டைக் கசியவிடும். தீங்கற்றதையும் தீங்கானதையும் பிரித்தறிய விரிசலின் இருப்பு மட்டும் போதாது. அது எங்கே தொடங்கி எத்திசையில் போகிறது என்பது தெரிய வேண்டும். 'வெப்ப அயர்ச்சி' என்ற இரு சொல் தீர்ப்பு இரண்டு விரிசல்களையும் ஒரே தட்டில் வைக்கிறது. அதனால் ஒருவர் நல்ல உறையைத் தூக்கி எறிகிறார். மற்றொருவர் தீப்பிடிக்கக்கூடிய காரை நம்பிக்கையோடு ஓட்டிச் செல்கிறார்.

சேத ஆய்வு அறிக்கை என்பது பொறுப்பைப் பங்கிடும் ஆவணம். அதில் எழுதப்படும் காரணத்தைப் பொறுத்தே பழுதின் செலவு உடைமையாளருக்கோ, பட்டறைக்கோ, தயாரிப்பாளருக்கோ போய்ச் சேருகிறது. வடிவமைப்பு மேசையில் எடுக்கப்பட்ட முடிவுகள் அந்த அறிக்கையில் தென்படாமல் போவதற்கு 'அதிக வெப்பம்' என்ற சொல்லைவிட வசதியான திரை வேறில்லை. வெப்பம் யாருடைய ஊழியரும் அல்ல. அதன் மேல் பழி போட்டால் எவரும் மறுப்பு எழுத மாட்டார்கள். பல்கலைக்கழக முத்திரையோடு அந்தத் திரையைத் தைத்துக் கொடுப்பது, தெரியாமல் செய்தாலும், ஒரு தரப்புக்கு ஆதரவாகச் செய்யும் செயலே.

மாற்றம் பெரிய ஆய்வகத்தையோ புதிய நிதியையோ கேட்கவில்லை. அறிக்கை எழுதுபவர் விரிசலின் தொடக்கம், திசை, முடிவு ஆகியவற்றை வரைந்து காட்ட வேண்டும். பிளவின் முகம் முழுதும் கறுத்திருக்கிறதா, முனையில் பளபளக்கிறதா என்று பார்த்து, அது பழையதா, இன்னும் வளர்கிறதா என்று சொல்ல வேண்டும். எந்தப் பகுதியின் விரிவை எது தடுத்தது என்று ஒரு வாக்கியமேனும் எழுத வேண்டும். அந்த வாக்கியம் இல்லாத அறிக்கையில் காரணம் இல்லை.

வகுப்பறைக்கும் ஒரு மாற்றம் போதும். இரு சுவர்களுக்கிடையே பிடிபட்ட தண்டின் தகைவைக் காண்க என்ற கேள்வி எண்ணோடு முடிந்துவிடுகிறது. விடை மீட்சி எல்லையைக் கடந்ததா என்று பார்க்கவும் மாணவர் கேட்கப்படுவதில்லை. அதன் கீழே இன்னும் மூன்று கேள்விகளைச் சேர்க்கலாம். தண்டு 800 டிகிரியிலிருந்து குளிரும்போது அதில் எழுவது அமுக்கமா, இழுவிசையா? இதையே ஐயாயிரம் முறை செய்தால் தண்டு எந்தக் கட்டத்தில் பிளக்கும்? பிளக்காதிருக்க வேண்டுமென்றால் தண்டை மாற்ற வேண்டுமா, சுவரை மாற்ற வேண்டுமா?